ஐம்பத்தேழு கிலோமீற்றர்

எங்கட வீட்டில் யாராவது வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விட்டால் அம்மா ஒரு வசனம் சொல்லுவா. "இருபது நிமிசத்தில வராத ஆக்கள்தானே, விடு." கரண்ட் வேலை செய்ய வராத பெடியனுக்கும் அது பொருந்தும், கலியாண வீட்டுக்கு வராத சித்திக்கும் பொருந்தும். சின்ன வயதில் அது எல்லாருடைய வீட்டிலும் சொல்லப்படுகிற பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். ஓ.எல் படிக்கிற காலத்தில் ஒரு சிநேகிதியிடம் அதைச் சொல்ல, அவள் "என்ன இருபது நிமிசம்?" என்று கேட்டாள். அப்போதுதான் அது எங்கள் வீட்டுச் சொத்து என்று விளங்கியது.

அந்த இருபது நிமிசம் நோர்வேயின் வடக்கு முனையில் இருக்கிற இரண்டு சின்ன விமானநிலையங்களுக்கு இடைப்பட்ட நேரம். ஒன்று போட்ஸ்பியூர். மற்றது வார்டோ. முதலாவது ஊரில் என் பெரிய மாமா இருந்தார், இப்போதும் இருக்கிறார். இரண்டாவதில் சின்ன மாமா இருந்தவர். 1995ஆம் ஆண்டு தை மாதம் சின்ன மாமாவுக்கு வார்டோவில் கலியாணம் நடந்தது. பெரிய மாமா போகவில்லை.

இவ்வளவுதான் கதை. ஆனால் எங்கள் குடும்பத்தில் முப்பது வருசமாக இந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி கிடைக்கவில்லை.

முதலில் மாமாமார் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு மயிலிட்டி. அம்மப்பா கடலுக்குப் போறவர். நோர்வேக்கும் எங்கட கரைக்கும் உள்ள தொடர்பு சண்டையோடு தொடங்கியது இல்லை, மீனோடு தொடங்கியது. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் என்பவர் 1950களில் நோர்வேக்குப் போனார். பிறகு 1960களில் அவருடைய முயற்சியாலும் நோர்வேக்காரரின் உதவியாலும் சீனோர் உருவானது. குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகு கட்டுகிற இடம். இப்போதும் எங்கட கரைகளில் வயதானவர்கள் சீனோர் போட் என்று சொல்வதைக் கேட்கலாம். 80களில் அந்த நாட்டு மக்கள் கல்லூரிகளுக்குப் படிக்க என்று இங்கிருந்து பெடியள் போகத் தொடங்கினார்கள். பெரிய மாமா 1987இல் அப்படிப் போனவர். படிப்பு ஒரு வருசத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு வேலை. எங்கே வேலை இருந்தது என்றால் நோர்வேக்காரரே விட்டுவிட்டுத் தெற்கே போய்க்கொண்டிருந்த பின்மார்க் மாகாணத்து மீன் பக்டரிகளில். மயிலிட்டியில் மீன் பிடிச்ச குடும்பத்துப் பெடியன் ஆர்ட்டிக் கரையில் கொட் மீனைத் துண்டுபோட நின்றான்.

இரண்டு வருசம் கழித்துச் சின்ன மாமாவும் போனார். அவருக்கு வேலை கிடைத்தது வார்டோவில். அது நோர்வேயின் ஆகக் கிழக்கில் இருக்கிற நகரம். வரைபடத்தில் கோடு கீறிப் பார்த்தால் இஸ்தான்புல்லையும் விடக் கிழக்கே வரும். நோர்வே என்றால் ஐரோப்பாவின் மேற்கில் எங்கேயோ என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த நாடு வடக்கே போகப் போக ரஷ்யாவின் தலைக்கு மேலால் வளைந்து போகிறது.

1990இல் மயிலிட்டிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. பலாலி எயார்போர்ட்டைச் சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. எங்கட வீட்டில் இருந்து ஓடுபாதைக்கு நடந்து போகலாமாம். விமானநிலையத்துக்குக் கிட்ட வீடு இருந்ததால் வீட்டை இழந்த குடும்பம் நாங்கள். அம்மம்மாவும் அம்மாவும் மல்லாகத்தில் ஒரு சொந்தக்காரர் வளவில் கொட்டில் போட்டு இருந்தார்கள். அங்கேதான் சின்ன மாமாவின் கலியாணப் படங்கள் வந்து சேர்ந்தன. தபாலில் இல்லை. கொழும்பில் இருந்து வந்த ஒருவரின் கையில், கலியாணம் முடிந்து நாலு மாதத்துக்குப் பிறகு.

பத்துப் பன்னிரண்டு படங்கள். ஒரு மண்டபத்தில் மடிக்கிற கதிரைகள், சுவரில் கடதாசிப் பூ, கூறைச் சேலைக்கு மேலால் மாமி ஒரு தடிச்ச ஜக்கெட் போட்டுக்கொண்டு நிற்கிறா. அம்மம்மா ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப முதலாவதில் இருந்து பார்த்தாவாம். மூன்றாம் தரமும் பார்த்துவிட்டுத்தான் கேட்டாவாம், "பெரியவன் எங்க?" என்று. தோழனாக நின்றது யாரோ புங்குடுதீவுப் பெடியன்.

அதற்குப் பிறகு சின்ன மாமா கடிதத்தில் எழுதினார்: "பிளேனில 20 நிமிசம். அண்ணை வரேல்ல." அந்த வசனத்தில் இருந்துதான் எங்கள் வீட்டுப் பழமொழி பிறந்தது.

போன செமஸ்ரரில் எங்களுக்குப் புவியியலில் ஒரு அசைன்மென்ட் தந்தார்கள். இரண்டு இடங்களை எடுத்து, அவற்றுக்கு இடையிலான நேர்கோட்டுத் தூரத்தையும், உண்மையில் போய்ச் சேர எடுக்கிற நேரத்தையும் ஒப்பிட வேண்டும். என் பச்சில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணம் - கொழும்பு எடுத்தார்கள். ஒருத்தி நெடுந்தீவு - குறிகாட்டுவான் எடுத்தாள், அது நல்ல தெரிவு. நான் போட்ஸ்பியூரும் வார்டோவும் எடுத்தேன். சேரிடம் "வித்தியாசமா இருக்கட்டும் எண்டு" என்று சொன்னேன். உண்மையான காரணம் அது இல்லை. எனக்குப் பெரிய மாமாவைப் பிடிக்கும். பிறந்தநாளுக்கு மறக்காமல் எடுக்கிற ஒரே சொந்தம் அவர். அவரை அந்த இருபது நிமிசத்தில் இருந்து விடுவிக்கலாமா என்று பார்க்க ஆசையாக இருந்தது.

முதலில் தூரம். இரண்டு விமானநிலையங்களின் அகலக்கோடு, நெடுங்கோடு எடுத்து ஹவர்சைன் சூத்திரத்தில் போட்டேன். போட்ஸ்பியூர் வடக்கு 70.60 பாகை, கிழக்கு 29.69. வார்டோ வடக்கு 70.36, கிழக்கு 31.04. நெடுங்கோட்டில் 1.35 பாகை வித்தியாசம். எங்கட யாழ்ப்பாணத்தில் ஒரு பாகை நெடுங்கோடு என்றால் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். அங்கே கோடுகள் எல்லாம் துருவத்தை நோக்கி நெருங்குவதால் ஒரு பாகை வெறும் 37 கிலோமீற்றர்தான். விடை 57 கிலோமீற்றர்.

நேரம் அடுத்தது. விமானத் தூரம் சொல்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு எயார்போர்ட்டின் பெயரைக் கொடுத்தால் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்கக் கொஞ்ச நேரம் சேர்த்து ஒரு எண்ணைத் தரும். அப்படி ஒரு பிளேன் அந்த வழியால் பறக்கிறதா என்பது அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. கொட்டும் பனியில் மூடிக் கிடக்கிற ஓடுபாதைக்கும் அதே எண்தான். அந்தப் பக்கம் விடறோ என்கிற நிறுவனத்தின் டாஷ் 8 விமானங்கள் ஓடுகின்றன. 39 ஆசனம், இரண்டு உந்தி. அதன் வேகத்துக்கு 57 கிலோமீற்றர் என்பது ஏழெட்டு நிமிசம். ஓடி, ஏறி, வளைந்து, இறங்க எல்லாம் சேர்த்தால் இருபது. சின்ன மாமா எழுதினது சரி.

ஆனால் அது நேரடியாகப் போகிற நாளில். அந்த வலையமைப்பைப் பார்த்தால் எனக்கு எங்கட மினி பஸ்தான் ஞாபகம் வந்தது. ஓர் ஊரில் இறங்கி நாலு பேரை இறக்கி மூன்று பேரை ஏற்றி அடுத்த ஊருக்குப் போகும். 1970களில் பின்மார்க் கரையோரம் முழுக்க இப்படிச் சின்ன ஓடுபாதைகள் கட்டியிருக்கிறார்கள். பல ஏறத்தாழ 800 மீற்றர் நீளம்தான். காரணம் வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். கடல் உள்ளே உள்ளே வெட்டிக்கொண்டு போகிற கரை அது. வட்சோ விமானநிலையத்தில் இருந்து எதிர்க்கரையில் இருக்கிற கிர்க்கெனெஸ் விமானநிலையத்துக்கு ஆகாயத்தால் 38 கிலோமீற்றர். தரையால் போவதென்றால் குடாவைச் சுற்றி 170 கிலோமீற்றருக்கு மேல். (இந்த வட்சோவில்தான் 1926இல் அமுண்ட்சென் வடதுருவத்துக்கு மேலால் பறந்த ஆகாயக் கப்பலைக் கட்டுவதற்கு நட்ட கம்பம் இன்னும் நிற்கிறது. அசைன்மென்டுக்குத் தேவை இல்லை, ஆனால் அதைப் பற்றி வாசித்து ஓர் இரவு போனது.)

போட்ஸ்பியூருக்கும் வார்டோவுக்கும் இடையில் நேர் வீதியே கிடையாது. இரண்டும் வரங்கர் குடாநாட்டில் இருக்கின்றன. எங்கட குடாநாட்டில் எந்த ஊரில் இருந்தும் எந்த ஊருக்கும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் சேரலாம். அந்தக் குடாநாட்டின் நடுவில் வெறும் மலையும் கல்லும். வார்டோவில் இருந்து வடக்கே போகிற கரையோர வீதி ஹம்னிங்பெர்க் என்ற பழைய மீனவ ஊரோடு முடிந்துபோகிறது. அதையும் மாரியில் மூடிவிடுவார்கள். ஆகவே போட்ஸ்பியூரில் இருந்து மலை ஏறி, தெற்கே தானா வரை இறங்கி, குடாவின் அடிக்கு வந்து, பிறகு கிழக்கே கரையோரமாக வட்சோ தாண்டி வார்டோவுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 250 கிலோமீற்றர். 57ஐ 250ஆல் மாற்றி எழுதியபோது எனக்குச் சின்னச் சந்தோசம் வந்தது.

தை மாதத்தில் அந்த மலை வீதி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. காற்றுப் பனியை அள்ளிக்கொண்டு வந்தால் படலையை இறக்கிவிடுவார்கள். சில நேரம் வாகனங்களை வரிசையாக நிறுத்தி, பனி வழிக்கிற வண்டிக்குப் பின்னால் ஒன்றன் பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிற காரின் சிவப்பு லைற்றைத் தவிர ஒன்றும் தெரியாதாம். நவம்பர் பிற்பகுதியில் இருந்து சனவரி 20 மட்டில் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

பிளேனுக்கும் அதே காற்றுத்தான். 1982 மார்ச் 11ஆம் திகதி பெர்லவோக்கில் இருந்து மேஹம்னுக்குப் போன ஒரு சின்ன விடறோ விமானம் கடலில் விழுந்து 15 பேரும் இறந்தார்கள். அந்த இரண்டு ஊரும் போட்ஸ்பியூருக்குப் பக்கத்துக் குடாக்கள். தூரம் ஐம்பது கிலோமீற்றரும் வராது. அதை விசாரிக்க நாலு குழுக்கள் போட்டிருக்கிறார்கள். கடைசிக் குழு 2005இல்தான் முடித்தது, கடும் காற்றுக் குழப்பத்தில் வால்பகுதி உடைந்தது என்று. நேட்டோவின் போர் விமானம் ஒன்று மோதியது என்று நம்புகிற சனம் அந்தக் கரையில் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு அறிக்கையால் பதில் சொல்ல முடியாது. எங்களுக்கு இது விளங்காத விசயம் இல்லை. 1998 செப்ரெம்பர் 29 பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் போன லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் போனார்கள். பாதை மூடியிருந்த காலம், வேறு வழி இல்லாமல் பிளேன் ஏறின சனம். அம்மா இன்றைக்கும் சின்ன பிளேனைக் கண்டால் முகத்தைத் திருப்புவா.

இதெல்லாம் சேர்த்து 18 பக்கத்தில் அசைன்மென்ட் முடித்தேன். மூன்று வரைபடம், ஓர் அட்டவணை. கோடைகாலம், மாரிகாலம், பிளேன், கார் என்று நிரல் பிரித்திருந்தேன். முடிவாக நான் எழுதியது: 57 கிலோமீற்றர் என்பது சில நாட்களில் 20 நிமிசம், சில நாட்களில் நாலு மணித்தியாலம், சில நாட்களில் முடிவிலி. அந்த முடிவிலி என்ற சொல்லைப் போட்டுவிட்டு எனக்கே என்னில் ஒரு பெருமை. சேர் நல்ல புள்ளி போட்டார். வகுப்பில் வைத்துக் காட்டவும் சொன்னார்.

அன்று இரவு பெரிய மாமாவுக்கு வட்சப்பில் எடுத்தேன். அங்கே பின்னேரம். அவர் குசினியில் இருந்தார். பின்னால் யன்னல், அதற்குப் பின்னால் துறைமுகத்து லைற்றுகள். அவருக்கு இப்போது 62 வயது. ஒரு காலத்தில் அந்த ஊர் பக்டரிகளில் தமிழ்ச் சனம் நிறைய இருந்ததாம். கோயில் மாதிரி ஒரு அறை, தமிழ்ப் பள்ளிக்கூடம், கிரிக்கெட் எல்லாம் நடந்ததாம். பிள்ளைகள் வளர வளர ஒவ்வொரு குடும்பமாக ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இறங்கிவிட்டது. சின்ன மாமாவும் 2001இல் ஒஸ்லோவுக்குப் போனவர். பெரிய மாமா கலியாணம் கட்டவில்லை. போகவும் இல்லை. "இஞ்ச கடல் மணக்குது" என்பார், ஏன் என்று கேட்டால்.

ஸ்கிரீனைப் பகிர்ந்து ஒவ்வொரு வரைபடமாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார். மலை வீதி வளைகிற இடத்தில் ஒரு திருத்தம் சொன்னார். பழைய எயார்போர்ட் இதில்லை, இது 1999இல் புதிதாகக் கட்டினது என்றார். அட்டவணை வரைக்கும் வந்ததும் நான் ஏன் இந்த ஊர்களை எடுத்தேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்ல வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை" என்றார். பிறகு, "கப்பலை விட்டிட்டாய்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஹூர்த்திகுருத்தன். கரையால போற கப்பல். ஒவ்வொரு நாளும் வரும். நடுராத்திரி மட்டில இஞ்ச கட்டும், விடியப்புறத்துக்கு முன்னம் வார்டோவில நிக்கும். மூண்டு மணித்தியாலம் சொச்சம். காத்தெண்டாலும் பனியெண்டாலும் அது வரும். எப்பயாவது ஒருநாள்தான் வராமல் விடும்."

நான் வாயைத் திறக்கவில்லை. பேர்கனில் இருந்து கிர்க்கெனெஸ் வரை கரையோரம் போய்வருகிற கப்பலைப் பற்றி நான் வாசித்துத்தான் இருந்தேன். சுற்றுலாப் பயணிகளின் கப்பல் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். என் அட்டவணையில் வானம் இருந்தது, தரை இருந்தது. மயிலிட்டியில் கடலுக்குப் போன மனிசனின் பேத்திக்குக் கடல் ஞாபகம் வரவில்லை. சேருக்கும் வரவில்லை, அது ஒரு சின்ன ஆறுதல்.

"அண்டைக்குக் கப்பல் வந்ததா மாமா?"

"வந்தது."

பிறகு அவராகவே சொன்னார். நான் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அம்மாவை நோர்வேக்கு எடுப்பதற்கு இரண்டு பேரும் காசு சேர்த்திருக்கிறார்கள். 1993இல் இருந்து. அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. ஏஜென்சிக்குக் கட்ட வேண்டிய காசு முழுக்கச் சின்ன மாமாவின் பாங்கில் கிடந்தது. ஏஜென்சிக்காரனைத் தெரிந்த ஆள் அவர்தான். 94 கடைசியில் சின்ன மாமா அந்தக் காசை எடுத்து மாமியைக் கூப்பிட்டுவிட்டார். மாமி அவரோடு ஊரில் படித்தவ. கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தனியாக, ஒவ்வொரு கிழமையும் பொலிஸ் சுற்றிவளைப்புக்குப் பயந்துகொண்டு, ஆறு மாதமாக இருந்தவ. சின்ன மாமா பெரிய மாமாவிடம் கேட்கவில்லை. முடிந்த பிறகு ரெலிபோனில் சொன்னார். "அடுத்த வருசம் தங்கச்சியை எடுப்பம் அண்ணை" என்றாராம்.

"அவனிலயும் பிழை சொல்ல ஏலாது" என்றார் மாமா. "அந்தப் பிள்ளையை அங்க எப்பிடி விடுறது? ஆனா எனக்கு அப்ப அப்பிடி விளங்கேல்ல. உன்ர அம்மாவை வித்துக் கலியாணம் கட்டுறான் எண்டுதான் விளங்கினது."

கலியாணத்துக்கு முதல்நாள் இரவு கோட் போட்டிருக்கிறார். ஒரே ஒரு கோட்தான் இருந்ததாம், மக்கள் கல்லூரியில் இருந்தபோது யாரோ கொடுத்தது. இறங்குதுறைக்குப் போனார். கப்பல் வந்து கட்டியது. மீன் பெட்டி இறக்கினார்கள், சாமான் ஏற்றினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். இவர் நின்றார். கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல் முனையைத் தாண்டி லைற் மறையும் வரை நின்றாராம். பிறகு வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றிவிட்டு விடிய ஆறு மணிக்கு வேலைக்குப் போனார்.

"குளிர் எவ்வளவு மாமா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அட்டவணையில் போடுகிற பழக்கமாக இருக்கலாம்.

"அது ஞாபகம் இல்லை. கையுறை போடேல்ல எண்டது ஞாபகம் இருக்கு."

அடுத்த வருசம் என்பது வரவில்லை. அந்த வருசமே ஒக்ரோபர் 30 வந்துவிட்டது. வலிகாமம் முழுக்க ஓர் இரவில் எழும்பி நடந்தது. இன்றைக்கு யாழ்ப்பாண ரவுணில் இருந்து நாவற்குழிப் பாலத்துக்கு மோட்டச்சைக்கிளில் கால் மணித்தியாலம். அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் அந்தத் தூரம் ஓர் இரவும் அடுத்த நாள் பாதியும் எடுத்தது. மழை. ஓர் அடி வைக்க இடம் இல்லாத சனம். அம்மம்மாவின் பையில் இரண்டு சேலை, காணி உறுதி, அந்தக் கலியாணப் படங்கள். படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிரித்தபோது நாலு படம்தான் தேறியது. இப்போது எங்கட அல்பத்தில் இருப்பவை அவைதான், மூலையில் எல்லாம் நிறம் உரிந்து. பெரிய மாமா அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டாராம். அதற்குப் பிறகு சின்ன மாமாவோடு நாலு வருசம் கதைக்கவில்லை. இப்போது கதைப்பார்கள், கலியாண வீடு, செத்த வீடு என்றால். அந்த வருசத்தைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

நான் பெரிய மாமாவைக் காப்பாற்றப் போனவள். அவருக்கு நான் கொடுத்த சாட்சிகளை எல்லாம், மலை, பனி, இருட்டு, காற்று, எல்லாவற்றையும் அவரே ஒரு வசனத்தில் தள்ளிவிட்டார். முப்பது வருசமாகப் "பிளேன் ஓடேல்ல" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஒருநாளும் சொன்னதில்லை. அம்மம்மா 2011இல் சாகும்வரைக்கும் ஒவ்வொரு ரெலிபோனிலும் கேட்டிருக்கிறா. "போகேல்ல அம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும், எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது. அந்தக் காசு ஏஜென்சிக்குப் போயிருந்தால் அம்மா போயிருப்பா. அப்பாவைச் சந்தித்திருக்க மாட்டா. நான் இந்த அசைன்மென்டை எழுதியிருக்க மாட்டேன். இதை மாமாவிடம் சொல்ல வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன். அவருக்கு அது ஆறுதல் மாதிரிக் கேட்டிருக்கும். எனக்கு அது ஆறுதலா என்று தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேர் போடாமல் எழுது" என்றார். "கொம்மாட்ட முதல் சொல்லிப்போட்டு எழுது."

அவர் வருகிற தை மாதம் வாறாராம். முந்தி வந்தபோதெல்லாம் கட்டுநாயக்காவில் இறங்கி ஓர் இரவு முழுக்க வானில் வந்தவர். இந்த முறை சென்னையால் வந்து பலாலியில் இறங்க வேண்டுமாம். 2022 டிசெம்பரில் இருந்து அந்தப் பிளேன் திரும்ப ஓடுகிறது. சென்னையில் இருந்து 350 கிலோமீற்றர் சொச்சம், ஒன்றேகால் மணித்தியாலம் மட்டில். இந்திய விசா எடுக்கிற அலைச்சல் தனி. வீணாக ஏன் மாமா, கொழும்பாலேயே வாங்கோ என்றேன். "மேல இருந்து எங்கட வளவு தெரியுமோ எண்டு பாக்க வேணும்" என்றார். மயிலிட்டித் துறைமுகத்தை 2017இல் விட்டார்கள். எங்கட வளவு இன்னும் கம்பிக்கு அந்தப் பக்கம்தான். போட்ஸ்பியூரில் இருந்து பலாலிக்கு நேர்கோட்டில் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன்: ஏறத்தாழ 7,600 கிலோமீற்றர். "அவ்வளவுதானா?" என்றார்.

அம்மாவிடம் சொன்னது போன சனிக்கிழமை. அவ பின்வாசல் படியில் இருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் பூனை. நான் கப்பலில் தொடங்கி, காசில் போய், கோட்டில் முடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. அம்மா வெட்டுறதை நிறுத்தவில்லை. காசு விசயம் தெரியுமா என்று கேட்டேன்.

"சின்னண்ணா கட்டேக்கயே தெரியும். மாமியின்ர சீலை விலை எனக்குத் தெரியாதே?" என்றா.

"பெரிய மாமா கப்பலடிக்குப் போனது?"

அது தெரியாது என்று தலையை ஆட்டினா. இரண்டு மீன் வெட்டி முடித்தா. குடலை எடுத்துப் பூனைக்குப் போட்டா. கையைக் கழுவாமலே நெற்றி முடியைப் புறங்கையால் ஒதுக்கினா.

"கப்பல்ல எவ்வளவு நேரம் எண்டு சொன்னவர்?"

"மூண்டு மணித்தியாலம் சொச்சம்."

"கிட்டத்தான்" என்றா.

பிறகு அடுத்த மீனை எடுத்தா.